பேனாவால் தட்டித் திருத்திய வருடங்கள்

போன வாரம் ஆனந்தி போன் செய்தாள். என் பழைய மாணவி. திண்டிவனத்தில் நான் பதினேழு வருடம் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த மொழிப் பயிற்சி நிலையத்தில் இப்போது அவள்தான் ஸ்பானிஷ் ஆசிரியை. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கியிருக்கிறார்களாம். பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச வேண்டும். பேச்சில் எங்கே தப்பு வருகிறதோ அந்த இடத்திலேயே ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே நிறுத்தி, தப்பைக் கண்டுபிடித்து, வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

“அப்படியே உங்க மெத்தட் மிஸ். நீங்க பேனாவால பண்ணதை இப்ப மெஷின் பண்ணுது. அதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மிஸ், ஆண்டு மலர்ல போடறோம்” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ரிட்டயர் ஆகி இரண்டு வருடமாக இந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தவளை இழுத்துவிட்டாள். அவள் கேட்ட இரண்டு பக்கம் இதுதான். மலரில் போடுவதும் போடாததும் அவள் பாடு.

திண்டிவனத்தில் ஸ்பானிஷ் என்றால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். “அத கத்துக்கினு யார்கூட மிஸ் பேசறது?” என்று பஸ்ஸில் ஒரு கண்டக்டர் என்னையே கேட்டிருக்கிறார். விஷயம் எளிமையானது. சென்னையில் இருக்கும் சில கம்பெனிகளுக்கு ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வாடிக்கையாளர்கள் போன் செய்வார்கள். அந்தப் போனை எடுத்துப் பேச ஆள் வேண்டும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவரை விட ஸ்பானிஷும் தெரிந்தவருக்குச் சம்பளம் கூடுதல். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மயிலத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள்.

நான் கற்ற கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். நான்கு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி சென்னைக்குப் போய்ப் படித்தேன். அங்கே பாடம் எடுத்தவர் யாராவது தப்பாகப் பேசினால் அதை அதே குரலில் பேசிக்காட்டுவார். வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் என்னைப் பேசிக்காட்டினார். செங்கல்பட்டு தாண்டும் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். நான் ஸ்பானிஷ் டீச்சரானால் ஒரு பிள்ளையின் தப்பை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் கொடுமைக்காரியாக ஆரம்பிக்கவில்லை.

திண்டிவனம் நிலையத்தை அப்போது நடத்தியவர் பிலோமினா மேடம். புதுச்சேரிக்காரர். இளவயதில் ஸ்பெயினுக்குப் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடம் கிழவர்களுக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டி வேலை பார்த்தவர். அவருடைய ஸ்பானிஷ் அந்தக் கிழவர்களிடமிருந்து கேட்டுப் பிடித்துக்கொண்டது. தினமும் புதுச்சேரி பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் ஒரு ரெக்சின் பை. அதில் ஒரு கையடக்க நோட்டு, ஒரு பென்சில், நிறைய பெப்பர்மின்ட்.

மேடம் வகுப்பில் டீச்சர் நாற்காலியில் உட்கார மாட்டார். பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவார். ஒரு பையன், நேற்று சந்தைக்குப் போன கதையைக் கன்னாபின்னாவென்று சொல்வான். மேடம் முகத்தில் ஒரு சுளிப்பு வராது. தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “ஓ, நேத்து சந்தைக்குப் போனியா? அங்க என்ன வாங்கின?” என்று ஸ்பானிஷில் பதில் பேசுவார். அந்தப் பதிலுக்குள் அவன் தப்பாகச் சொன்னது சரியாக இருக்கும். திருத்தியது அவனுக்கே தெரியாது. ஆனால் அடுத்த வாக்கியத்தில் அதைச் சரியாகச் சொல்வான், அல்லது சொல்ல மாட்டான். மேடம் அவசரப்பட்டதில்லை. காதில் விழுந்த தப்புகளில் ஐந்தை மட்டும் நோட்டில் குறிப்பார். கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த ஐந்தையும் போர்டில் எழுதுவார். யார் சொன்னது என்று இருக்காது. எல்லோரும் சேர்ந்து திருத்துவார்கள். “யார் சொன்னதுன்னு கேக்காதீங்க. தப்புக்குப் பேரு வைக்க வேணாம்” என்பார். மணி அடிப்பதற்குள் போர்டைத் தன் கையாலேயே துடைத்துவிடுவார். சாக்பீஸ் தூள் புடவையில் அப்படியே இருக்கும், தட்டிக்கொள்ளக்கூட மாட்டார்.

எனக்கு அதெல்லாம் பொறுமையைச் சோதிக்கிற வேலையாகப் பட்டது. என் வழி வேறு. கையில் ஒரு பால்பாயின்ட் பேனா. பிள்ளை பேசும்போது தப்பு வந்தால் மேசையில் ஒரு தட்டு. ‘டக்’. அவ்வளவுதான். என்ன தப்பு என்று சொல்ல மாட்டேன், முறைக்க மாட்டேன், பேசிக்காட்ட மாட்டேன். பிள்ளை நிறுத்தி, யோசித்து, வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இன்னும் தப்பென்றால் இன்னொரு ‘டக்’. பிள்ளைகளுக்கு விளையாட்டு போலப் பிடித்துப்போனது. பரீட்சை ரிசல்ட்டும் நன்றாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் மேடம் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் நோட்டைத் திறக்கவே இல்லை. முடிந்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

“சகுந்தலா, உங்க பசங்க தப்பே பண்ணலைம்மா.”

“தேங்க்ஸ் மேடம்.”

“நான் பாராட்டலையே. ஒருத்தர் கூட நாலு வார்த்தைக்கு மேல பேசல. ‘எங்க வீடு பெருசு. எங்க அம்மா நல்லவங்க. எல்லாரும் நல்லா இருக்கோம்.’ இதையே மாத்தி மாத்திச் சொன்னாங்க. அந்த ரெண்டாவது பெஞ்சுப் பையன் கூரை வீட்டுல இருக்கான், எனக்குத் தெரியும். பெரிய வீடுன்னு ஏன் சொல்றான்?”

“அது ஈசியான வாக்கியம் மேடம். தப்பு வராது.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரிசல்ட்டைப் பாருங்கள் மேடம் என்று சொல்லிவிட்டேன். அவர் பைக்குள் கைவிட்டு ஒரு பெப்பர்மின்ட் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் தின்னவில்லை.

இரண்டு வருடத்தில் மேடத்துக்கு மூட்டுவலி முற்றி பஸ் ஏற முடியாமல் போனது. நின்றுவிட்டார். நான் சீனியர் ஆனேன். என் முதல் காரியம் என்ன தெரியுமா? பேனாவைப் பிள்ளைகள் கையிலும் கொடுத்தேன். ஒருவர் எழுந்து பேசும்போது மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும், தப்பு காதில் விழுந்தால் தட்ட வேண்டும். ஒரு பேனா போய்ப் பன்னிரண்டு பேனா ஆனது.

அந்த வகுப்பில்தான் தேன்மொழி வந்து சேர்ந்தாள்.

முகையூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பி.காம். முடித்திருந்தாள். அப்பா இல்லை. அம்மா கூலி வேலை, கரும்பு வெட்டும் காலத்தில் கரும்பு, நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் மல்லாட்டை. விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு ஒரு பஸ் பிடித்து வருவாள். வந்த முதல் வாரமே வாயைத் திறந்துவிட்டாள். தெரிந்த வார்த்தை நூறு இருக்குமா, அதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஏறின பாட்டிக்கும் கண்டக்டருக்கும் நடந்த சண்டையை முழுக்கச் சொன்னாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் ஆடு மாதிரி கத்திக்காட்டினாள். ஒரு வாக்கியம் உருப்படியில்லை. ஆனால் வகுப்பில் ஒருவருக்கும் கதை புரியாமல் போகவில்லை. ஆனந்தி அவள் பக்கத்து சீட். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

நான் தட்டினேன். ஆட்டுக்குட்டி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பதினான்கு முறை தட்டியிருப்பேன். எனக்குப் பின்னால் பதினொரு பேனாவும் தட்டின.

பொங்கல் வருவதற்குள் தேன்மொழி சரியாகிவிட்டாள். நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு பிசிறில்லாமல் பேசினாள். ‘டக்’ கேட்டால் அந்த எழுத்திலேயே நின்று, “பெர்தோன்” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு நாள் யாரோ பென்சில் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கும் நின்று, “பெர்தோன்” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஆட்டுக்குட்டிக் கதை மாதிரி இன்னொரு கதையை அவள் அப்புறம் சொல்லவே இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

மாசி மாதம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி எங்கள் நிலையத்துக்கே நேர்முகத்துக்கு வருவதாகச் சேதி வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் தேன்மொழியின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பையில் வறுத்த மல்லாட்டை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மிஸ், எந்தம்பி வளவனூர்ல கீறான். இவளக் குடுன்னு மூணு வருசமா கேட்டுக்கினு கீறான். அவனுக்கும் இவளுக்கும் பதினாறு வயசு வித்தியாசம். எம் பையன் குடுத்துர்லாம்ங்கறான். நான் ஒருத்திதான் முட்டுக்கட்ட போட்டுக்கினு இருக்கறேன்.”

“தேன்மொழி என்ன சொல்றா?”

“வேல கெடச்சா மெட்ராஸ் போயிடறேன், அப்பறம் யாரும் கேக்க மாட்டாங்கன்றா. வேலன்னு ஒரு தாளு கைல இருந்தா நான் எல்லார் வாயையும் அடச்சிடுவேன் மிஸ். இல்லன்னா நான் இன்னான்னு சொல்லி நிறுத்துவேன்? இவளுக்குக் கெடைக்குமா?”

“கண்டிப்பா கெடைக்கும். என் கிளாஸ்லயே அவதான் பெஸ்ட்” என்றேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

நேர்முகம் காலை பத்து மணிக்கு. எங்கள் சின்ன வகுப்பறையில் ஒரு மேசை, மேசைமேல் லேப்டாப். லேப்டாப் திரையில் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி, அவர்தான் ஸ்பானிஷில் கேள்வி கேட்பார். மேசைக்கு இந்தப் பக்கம் கம்பெனி அதிகாரி, முப்பது வயதுக்குள் ஒரு தம்பி. நான் சுவரோரம் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனந்தி முதலில் போய் வந்தாள். அடுத்தது தேன்மொழி.

வெள்ளையில் நீலப் பூப்போட்ட சுடிதார் போட்டிருந்தாள். திரையில் இருந்த பெண்மணி சிரித்த முகமாக, உன் ஊரைப் பற்றிச் சொல் என்றார். தேன்மொழி ஆரம்பித்தாள். “என் ஊர் சின்ன ஊர். அங்கே...”

‘டக்.’

அந்தத் தம்பி கையில் ஒரு பேனா. பட்டனை மேசையில் அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தார். கண் வேறு ஏதோ காகிதத்தில் இருந்தது. அவருக்குத் தாம் தட்டுவதே தெரியாது.

தேன்மொழி நின்றாள். “பெர்தோன்” என்றாள். முதலிலிருந்து சொன்னாள். “என் ஊர்...”

‘டக்.’

“பெர்தோன்.” இந்த முறை சரியாக இருந்த வார்த்தையை மாற்றித் தப்பாகச் சொன்னாள். தட்டு வரவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மேலே நாலு வார்த்தை போனாள். ‘டக்.’ திரும்பவும் முதலிலிருந்து. திரையில் இருந்த பெண்மணி, பரவாயில்லை, பயப்படாதே, உன் பேச்சு நன்றாக இருக்கிறது, மேலே சொல் என்றார். தேன்மொழிக்கு அது காதில் ஏறவில்லை. அவள் கண் பேனாமேல் இருந்தது.

நான் எழுந்து, “தம்பி, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க” என்று சொல்லியிருக்கலாம். ஆறு வார்த்தை. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அது உண்மை. ஆனால் நான் சொல்லாததற்குக் காரணம் அதுவல்ல. ஏன் என்று அந்தத் தம்பி கேட்டால் நான் விளக்க வேண்டும். நான் பழக்கி வைத்திருக்கிறேன், தட்டினால் நிற்பாள் என்று ஒரு அந்நியர் முன்னால், என் நிலையத்தில், என் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. இதோ முடிந்துவிடும், இதோ அவர் நிறுத்திவிடுவார் என்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேன்மொழி ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எந்த இடத்தில் தப்பு மிஸ் என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தன் ஊரைப் பற்றி அவள் கடைசிவரை ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லவில்லை.

“பாஷை தெரியுது மேடம். ஆனா ரொம்பத் தடுமாறறாங்க. கஸ்டமர் லைன்ல வெயிட் பண்ண மாட்டாங்க” என்று அந்தத் தம்பி என்னிடம் பின்னால் சொன்னார். நல்ல பிள்ளைதான், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனந்திக்கும் இன்னும் மூன்று பேருக்கும் வேலை கிடைத்தது. ஆனந்தி நாலு வருடம் சென்னையில் இருந்துவிட்டுத்தான் இங்கே திரும்பி வந்தாள்.

தேன்மொழி சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றிருந்தாள். அழவில்லை. “மொத்தம் எத்தன தப்பு மிஸ்?” என்று கேட்டாள்.

தட்டு விழுந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “பரவால்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்றேன்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அந்த வாரத்தோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வைகாசியில் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. மாப்பிள்ளை வீடு வளவனூர். நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ஆனந்தியிடம் சொல்லி அனுப்பினேன், பொய்.

பேனாவை அந்த வருடமே நிறுத்திவிட்டேன். சத்தம் தலைவலியாக இருக்கிறது என்று பிள்ளைகளிடம் காரணம் சொன்னேன். ஒரு கையடக்க நோட்டு வாங்கி, பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஐந்து தப்பைக் குறித்து, போர்டில் எழுதித் துடைத்தேன். பிலோமினா மேடத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். புதுச்சேரி என்ன தூரமா? போகாமலே இருந்தேன். அவர் இறந்த செய்திதான் வந்தது.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனந்தி போன் செய்ததற்கு மறுநாள் விழுப்புரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் மூக்குக் கண்ணாடியின் காம்பு கழன்றுவிட்டது. கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“மிஸ்” என்றாள். தேன்மொழி.

இளைத்திருந்தாள். வளவனூரிலிருந்து தினமும் வந்து போகிறாளாம், கடையில் மூன்று வருடமாக வேலையாம். என் கண்ணாடியை வாங்கி, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முடுக்க ஆரம்பித்தாள். அம்மா எப்படி இருக்காங்க என்றேன். இருக்காங்க மிஸ் என்றாள். நீ எப்படி இருக்கே, வீட்ல எப்படி என்றேன். ஸ்க்ரூவை இன்னொரு சுற்று முடுக்கினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இன்னாத்த சொல்றது மிஸ். எங்க வூட்டுக்காரரு என்னை...” என்று ஆரம்பித்தாள்.

என் கையில் கண்ணாடிக் கூடு இருந்தது, அந்தக் கெட்டிப் பெட்டி. கண்ணாடி கவுன்டர்மேல் அதைத் தட்டிவிட்டேன். வேண்டுமென்று இல்லை, கை சும்மா இருக்காது எனக்கு. ‘டக்.’

அவள் நின்றாள். என் கையைப் பார்த்தாள். பார்வையை இறக்கிக்கொண்டு, “எல்லாரும் நல்லா இருக்கோம் மிஸ்” என்றாள். தமிழில் சொன்னாள்.

பெட்டியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“தேன்மொழி, அன்னிக்கு இன்டர்வியூல தட்டு விழுந்த எடத்துல நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. அந்தத் தம்பி சும்மா பேனாவைத் தட்டினாரு. அவருக்கு அது பழக்கம். உன்னைத் திருத்தல. நீ சரியாத்தான் பேசின.”

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. பின்னால் யாரோ கடைக்காரரிடம் பவர் கிளாஸ் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க அங்கதான மிஸ் ஒக்காந்துக்கினு இருந்தீங்க?” என்றாள்.

“ஆமாம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடியைத் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, என் முகத்தில் தானே மாட்டி, காதோரம் சரி செய்தாள். போட்டுப் பாருங்க மிஸ், இறுக்கமா இருக்குதா என்றாள். இல்லை, சரியாக இருக்கிறது என்றேன்.

“ஏதோ சொல்ல வந்தியேம்மா. வூட்டுக்காரர்னு ஆரம்பிச்சியே.”

“ஒண்ணும் இல்ல மிஸ்” என்றாள். அடுத்த ஆளைப் பார்த்து, “வாங்க சார்” என்றாள்.